நன்னீர் இறாலுக்கு நிறப்பொடி: ஒரு நோட்டீசும் அது கைகாட்டிய ஆய்வுத்தாள்களும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி நண்பன் வாட்ஸப்பில் இரண்டு போட்டோ அனுப்பினான். வழவழப்பான நோட்டீஸ் ஒன்றின் முன்பக்கமும் பின்பக்கமும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "மச்சி, மாமா கேக்குறார்டா. இதை வாங்கலாமா வேணாமான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நீதான் இந்த மாதிரி எதையாவது நோண்டிட்டே இருப்பியே."

மாமா என்றது அவனுடைய தாய்மாமா. நெல்லூர் பக்கம் இரண்டரை ஏக்கர் குட்டையில் ஸ்கேம்பி வளர்க்கிறார். ஸ்கேம்பி என்பது வியாபாரப் பெயர். உயிரியல் பெயர் மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி. நீளமான நீலக் கொடுக்கோடு மார்க்கெட்டில் தனியாகத் தெரியும் பெரிய நன்னீர் இறால். ஆந்திராவில் நீலகண்ட ரொய்யா என்பார்கள்.

நோட்டீஸ் சொல்வது இது: தீவனத்தோடு எங்கள் "இயற்கைக் கரோட்டினாய்டு" பொடியைக் கலந்து போடுங்கள், நிறம் ஏறும், வளர்ச்சி கூடும், ஓடு கழற்றும்போது சாவு குறையும், நோய் எதிர்ப்பு பெருகும். அளவு, ஒரு டன் தீவனத்துக்கு 2 கிலோ. நடுவில் இரண்டு இறால் படங்கள், இடதுபக்கம் நீலம் பூத்து மங்கலாக ஒன்று, வலதுபக்கம் ஆரஞ்சு மினுமினுக்க இன்னொன்று. அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் சில ஆய்வுத்தாள்களின் பெயர்கள்.

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் அடியில் ஆய்வுத்தாள் போட்டிருந்தால் அதைத் தேடிப் படிக்காமல் தூக்கம் வராது, அது ஒரு வியாதி. மூன்று வாரம் ராத்திரியில் உட்கார்ந்து அந்தப் பட்டியலையும் அதை ஒட்டிய மற்றதையும் படித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆய்வுகள் பொய் இல்லை. அவை ஒரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. நோட்டீஸ் அந்தப் பதிலை எடுத்து வேறொரு கேள்விக்கு ஒட்டியிருக்கிறது. எங்கெல்லாம் ஒட்டு போட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், அந்த நிறம் என்ன?

கேரட்டின் ஆரஞ்சு, சோளத்தின் மஞ்சள், இறாலின் சிவப்பு எல்லாமே கரோட்டினாய்டு குடும்பம்தான். இறால் இந்தச் சாயத்தைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. பாசியும் மற்ற நுண்ணுயிர்களும் தயாரிக்கின்றன, இறால் அவற்றை நேராகவோ, அவற்றைத் தின்ற பூச்சி புழுவைத் தின்றோ பெற்றுக்கொள்கிறது. ஆனால் கிடைத்ததை மாற்றிக்கொள்ளத் தெரியும். பீட்டா கரோட்டின் கிடைத்தால் அதோடு படிப்படியாக ஆக்சிஜனைச் சேர்த்து அஸ்டாசாந்தின் ஆக்கிவிடும். இறாலின் உடம்பில் முக்கியமான நிறமி இந்த அஸ்டாசாந்தின்தான்.

அஸ்டாசாந்தின் சிவப்பு என்றால் உயிரோடு இருக்கிற இறால் ஏன் சிவப்பாக இல்லை? அது ஓட்டில் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாக இருக்கும்போது 470-490 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும் மூலக்கூறு, கடல் சிங்கி இறாலின் கிரஸ்டாசயனின் என்ற புரதத்துக்குள் மாட்டிக்கொண்டால் 630 அருகே உறிஞ்ச ஆரம்பிக்கிறது. அதனால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் புரதம் குலைந்து சாயம் விடுபட்டு சிவப்பு வெளியே வருகிறது. சமையலறையில் நாம் தினமும் பார்க்கிற கெமிஸ்ட்ரி இது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீலமாக இருக்கிற இறாலிலும் சிவப்புச் சாயம் நிறைய இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற நிறமும் உடம்பில் இருக்கிற சாயத்தின் அளவும் ஒன்று இல்லை.

நீலம் என்றால் சத்துக்குறைவா, ராஜாவா?

நோட்டீசின் இடதுபக்கப் படத்துக்கு வருவோம். "நீலம் = குறைபாடு" என்ற எண்ணம் வந்த இடம் டைகர் இறால். 1993-ல் தாய்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். பண்ணையில் வளர்ந்த டைகர் இறால்கள் சில சமயம் நீலமாகிவிடும், சமைத்தாலும் வெளிறித் தெரியும், விலை போகாது. அப்படிப்பட்ட இறால்களுக்குக் கிலோ தீவனத்தில் 50 மில்லிகிராம் அஸ்டாசாந்தின் கலந்து 4 வாரம் போட்டதில் பழைய பச்சை கலந்த பழுப்பு நிறம் திரும்பி வந்தது. நல்ல ஆய்வு. கேள்வி தெளிவு, பதிலும் தெளிவு. நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அது டைகர் இறால். ஸ்கேம்பியில் நீலம் என்பதற்கு அர்த்தமே வேறு.

ஸ்கேம்பி ஆண்களில் மூன்று வகை உண்டு. சின்ன ஆண், ஆரஞ்சுக் கொடுக்கு ஆண், நீலக் கொடுக்கு ஆண். இவை மூன்றும் வெவ்வேறு இனம் இல்லை, ஒரே சமுதாயத்தில் வெவ்வேறு படிநிலை. நீலக் கொடுக்கு ஆண்தான் குட்டைக்கு ராஜா. இடம் பிடித்து, பெட்டைகளைக் காவல் காத்துக்கொண்டிருக்கும், அதற்குமேல் பெரிதாக வளராது. ஆரஞ்சுக் கொடுக்கு வளர்ச்சியில் இருக்கிற பருவம். சின்ன ஆண்கள் ராஜாவின் கண்ணில் படாமல் காலம் தள்ளும். வளர்ந்து முதிர்ந்த கூட்டத்தில் நீலம், ஆரஞ்சு, சின்னது மூன்றும் ஏறத்தாழ 1:4:5 என்ற விகிதத்தில் இருக்கும் என்று எழுதுகிறார்கள். ராஜாவைப் பிடித்து வெளியே எடுத்தால் ஆரஞ்சுக் கொடுக்கு ஒன்று அந்த இடத்துக்கு வரும்.

இப்போது யோசியுங்கள். ஸ்கேம்பியில் "நீலம்" இருந்து "ஆரஞ்சு" வந்தது என்று ஒரு படம் காட்டினால், அது தீவனத்தின் வேலையா, அல்லது போட்டோ எடுத்தவர் இடதுபக்கம் ராஜாவையும் வலதுபக்கம் இளவரசனையும் வைத்துவிட்டாரா? படத்தில் இருக்கிற இரண்டும் ஆணா பெண்ணா, எந்த வகை என்று எழுதாதவரை அந்தப் படத்துக்கு மதிப்பு பூஜ்யம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இறாலின் தோலில் நிறச்செல்கள் உண்டு. கறுப்புத் தரையில் இருந்தால் நிறமி விரிந்து பரவும், வெள்ளைத் தரையில் இருந்தால் சுருங்கும். ஆஸ்திரேலியாவில் டைகர் இறாலை வைத்துச் செய்த ஆய்வுகளில் தொட்டியின் நிறம் மட்டுமே இறாலின் நிறத்தை, சமைத்த பிறகு தெரிகிற நிறத்தையும்கூட, மாற்றியது. தீவனத்தை மாற்றாமலேயே! அப்படியென்றால் அறுவடையன்று வெள்ளை டப்பில் கொட்டியதற்கும் கறுப்பு டப்பில் கொட்டியதற்கும் நிறம் வேறாக வரலாம். அந்த டப் எந்த நிறம் என்பது ஒரு நோட்டீசிலும் இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை

சாவு குறையும் என்பதற்குப் பட்டியலில் கொடுத்திருந்தது 1992-ல் தைவானில் செய்த குருமா இறால் ஆய்வு. பல அளவுகளில், பல வகைச் சாயங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் நிறமி அதிகமாக இருந்த இறால்கள் அதிகமாகப் பிழைத்திருந்தன. அதே தைவானிலிருந்து 2003-ல் டைகர் இறால் குஞ்சுகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அஸ்டாசாந்தின் தின்றவை வெப்பநிலை மாற்றம், உப்பளவு மாற்றம் மாதிரியான அதிர்ச்சிகளை நன்றாகத் தாங்கின.

இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் குருமாவும் டைகரும் பினெய்ட் குடும்பம், கடல்காரர்கள். ஸ்கேம்பி பேலிமோனிட் குடும்பம், ஆற்றுக்காரர். முட்டையை வயிற்றுக்கடியில் சுமக்கிறது, குஞ்சுப்பருவத்துக்கு மட்டும் உவர்நீர் கேட்கிறது, வளர்ந்ததும் நன்னீருக்கு வந்துவிடுகிறது. இந்த உவர்நீர் ரகசியத்தை மலேசியாவில் ஷாவ் வென் லிங் 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பிறகுதான் ஸ்கேம்பி வளர்ப்பே சாத்தியமானது. ஆக, இரண்டையும் "இறால்" என்ற ஒரே தமிழ் வார்த்தை மூடி மறைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனையை வைத்து எனக்கு மாத்திரை எழுதின மாதிரி. சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது என் ரத்தம் இல்லை.

ஸ்கேம்பியிலேயே நேரடியாகச் செய்த வேலைகள் இல்லாமல் இல்லை. புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்திலிருந்து 2009-ல் தீவன அஸ்டாசாந்தின், ஸ்கேம்பியின் வளர்ச்சி, நோய் எதிர்ப்பு பற்றி ஒரு தாள் வந்திருக்கிறது. நம்ம கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்து 2014-ல் வந்த ஒரு தாளும் முக்கியமானது. அதில் ஸ்கேம்பி குஞ்சுகளுக்கு மீன்தூளுக்குப் பதிலாக ஸ்பைருலினா, குளோரெல்லா, அசோலா மூன்றையும் 25, 50, 75, 100 சதவீதம் என்று மாற்றிப் பார்த்தார்கள். 50 சதவீதம் மாற்றியதுதான் நன்றாக வந்தது.

நோட்டீஸ்காரர் இதைக் "கரோட்டினாய்டால் வளர்ச்சி" என்ற தலைப்புக்குக் கீழே போட்டிருக்கிறார். ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி அது இல்லை, மீன்தூளுக்கு மாற்று இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. தீவனத்தில் பாதி மீன்தூளை எடுத்துவிட்டு ஸ்பைருலினா போட்டால் மாறுவது சாயம் மட்டுமா? புரதத்தின் வகை மாறுகிறது, கொழுப்பு மாறுகிறது, தாது உப்பு மாறுகிறது, ருசியே மாறுகிறது. ஒரே டிப்ளாய்மென்டில் நாலு மாற்றத்தைச் செய்துவிட்டு "இந்த ஒரு வரிதான் வேகத்தைக் கூட்டியது" என்று சொல்கிற ஜூனியரை நாங்கள் விடமாட்டோம். அதோடு, சாயம்தான் காரணம் என்றால் 100 சதவீதம் மாற்றியதில் சாயம் இன்னும் அதிகமாச்சே, அது ஏன் ஜெயிக்கவில்லை?

தொட்டி எத்தனை, தம்பி?

இப்போது நோட்டீசை விட்டுவிட்டு ஆய்வுத்தாள்களிடமே என் குறையைச் சொல்கிறேன்.

இந்தத் துறையின் வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்: நாலைந்து தீவனம், ஒவ்வொன்றுக்கும் 3 தொட்டி, தொட்டிக்கு 20 அல்லது 30 குஞ்சு. படிக்கும்போது "ஒரு தீவனத்துக்கு 90 இறால்" என்று மனசு கணக்குப் போடும். தப்பு. தீவனம் போட்டது தொட்டிக்கு. ஒரு தொட்டியில் ஏர் பம்பு கொஞ்சம் மக்கர் செய்தால் அதிலிருக்கிற 30-ம் சேர்ந்து பாதிக்கும். மூன்று சர்வரில் ஆளுக்கு ஆயிரம் ரிக்வெஸ்ட் ஓட்டினால் உங்களிடம் மூவாயிரம் சாட்சி இல்லை, மூன்று சாட்சிதான். சூழலியலில் ஹர்ல்பர்ட் என்பவர் இதை 1984-லேயே விலாவாரியாக எழுதி, இதற்குப் "போலி மறுசோதனை" என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்துவிட்டார்.

மூன்று தொட்டி என்றால் என்ன நஷ்டம்? கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரே தீவனம் போட்ட தொட்டிகளுக்குள்ளேயே சராசரி எடையின் திட்டவிலக்கம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 3 தொட்டியை ஒப்பிட்டால், வித்தியாசம் ஏறத்தாழ 23 சதவீதம் இருந்தால்தான் வழக்கமான டி-சோதனையில் "உண்மையான வித்தியாசம்" என்று தேறும். பக்கத்துக்கு 10 தொட்டி வைத்தால் 9 அல்லது 10 சதவீதமே போதும்.

இதில் இரண்டு ஆபத்து. பொடியால் நிஜமாகவே 5 சதவீத வளர்ச்சி கிடைத்தாலும் மூன்று தொட்டி ஆய்வு அதைக் கண்டுபிடிக்காது, "பலன் இல்லை" என்று எழுதிவிடும். எங்காவது தற்செயலாகப் பெரிய வித்தியாசம் வந்த ஆய்வு மட்டும் "பலன் உண்டு" என்று அச்சாகும், அதில் இருக்கிற எண் நிஜத்தைவிட ஊதிப்போன எண்ணாக இருக்கும். நோட்டீசுக்கு எந்த ஆய்வு போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அளவைகளின் எண்ணிக்கை இன்னொரு தலைவலி. எடை, நீளம், பிழைப்பு, ரத்த அணு எண்ணிக்கை, ஃபீனால் ஆக்சிடேஸ், இன்னும் நாலைந்து நொதி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 10 அளவைகளை எடுத்து ஒவ்வொன்றையும் 5 சதவீத வரம்பில் சோதித்தால், பொடியில் வெறும் தவிடு இருந்தாலும் ஏதாவது ஒன்றில் "பலன்" தெரிய 40 சதவீத வாய்ப்பு. ரத்த அணு கூடினால் இறால் பிழைக்கும் என்பதும் தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம். சி.பி.யூ. பயன்பாடு குறைந்தது என்பதற்காக வாடிக்கையாளர் சந்தோஷமாக இருக்கிறார் என்று ஆகாது.

ஸ்கேம்பியில் இதெல்லாம் இன்னும் மோசம். குஞ்சுப்பருவம் தாண்டிய உடனேயே சிலது துள்ளி முன்னே போகும், மற்றது பின்தங்கும். 20 இறால் இருக்கிற தொட்டியில் இரண்டு துள்ளிகள் இருந்தால் சராசரியே தூக்கிவிடும். போதாக்குறைக்கு, ஓடு கழற்றிய மெத்தென்ற இறாலை மற்றது தின்னும். சாவு அதிகமான தொட்டியில் மிச்சம் இருப்பதற்கு இடமும் தீனியும் அதிகம், சராசரி எடையும் அதிகம். அதனால் எடையையும் பிழைப்பையும் தனித்தனி வெற்றியாகக் காட்டக்கூடாது. தொட்டியின் மொத்த எடை எவ்வளவு, ஆண்களில் எந்த வகை எத்தனை என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

தெளிந்த தண்ணீரும் பச்சைத் தண்ணீரும்

நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் சரி செய்து ஒரு அருமையான ஆய்வு வந்தாலும் மாமாவுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி பாக்கி இருக்கும். இதுதான் எனக்கு இருப்பதிலேயே பெரிய ஓட்டை.

ஆய்வகத் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருக்கும், வடிகட்டியிருக்கும். இறாலுக்குத் தீனி என்று வருவது நீங்கள் போடுகிற உருண்டை மட்டும்தான். அதில் சாயம் இல்லை என்றால் இறாலுக்குச் சாயம் இல்லை. அங்கே பொடி வித்தியாசம் காட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

மாமாவின் குட்டை அப்படி இல்லை. தண்ணீரைப் பச்சையாக்குவதற்கே எரு போட்டு, கையை முழங்கை வரை விட்டுப் பார்த்து, விரல் தெரிகிறதா இல்லையா என்று கவனிக்கிறார்கள். அந்தப் பச்சை பூராவும் பாசி, பாசியில் பூராவும் கரோட்டினாய்டு. அடியில் புழு, பூச்சி, நத்தைக் குஞ்சு. இறால் தான் கழற்றிய ஓட்டையே திரும்பத் தின்கிறது, அந்த ஓட்டிலும் சாயம் இருக்கிறது. தீவனத்தில் மஞ்சள் சோளம் இருந்தால் அதில் சியாசாந்தின், இறால் தலைத்தூள் இருந்தால் அதில் அஸ்டாசாந்தின். மைக்கேல் நியூ எழுதி ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2002-ல் வெளியிட்ட நன்னீர் இறால் வளர்ப்புக் கையேட்டில் பாதித்தீவிர வளர்ப்புக்குச் சதுர மீட்டருக்கு 4 முதல் 20 குஞ்சுகள் என்று இருக்கிறது. இந்த அடர்த்தியில் குட்டையின் இயற்கைத் தீனி இறாலின் சாப்பாட்டில் ஒரு பெரிய பங்கு.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. புரோகிராம் மெதுவாக ஓடினால் முதலில் எங்கே நேரம் போகிறது என்று அளந்து பார். டேட்டாபேஸில் அடைப்பு இருக்கும்போது லூப்பை வேகப்படுத்தினால் உனக்குத் திருப்தி கிடைக்கும், வேகம் கிடைக்காது. பச்சைக் குட்டையில் இறாலுக்குக் கரோட்டினாய்டுதான் தட்டுப்பாடு என்று யாரும் மாமாவுக்குக் காட்டவில்லை. ஸ்கேம்பிக்கு நிஜமான அடைப்புகள் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் 2005-ஐ ஒட்டி 40,000 டன்னைத் தாண்டிய உற்பத்தி அதற்குப் பிறகு சரிந்தது. தரம் குறைந்த குஞ்சு, உள்ளினக் கலப்பு, குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெள்ளை வால் வைரஸ், ஒரே வயசில் ஆளுக்கொரு சைஸில் வளரும் ஆண்கள். 2009-க்குப் பிறகு வனாமி வந்து நிறையப் பேரை இழுத்துக்கொண்டது. வைரஸ் பரிசோதனை செய்த குஞ்சு வாங்குவது, தேர்வு செய்து மேம்படுத்திய ரகத்துக்குப் போவது, ராஜாக்களை அவ்வப்போது வலை போட்டு எடுத்து விற்பது, இவை எல்லாம் அடைப்பு இருக்கிற இடத்தில் செய்கிற வேலை.

இரண்டு கிலோ கணக்கு

சரி, பொடி நல்லதே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

மாமா குட்டை இரண்டரை ஏக்கர், ஒரு ஹெக்டேர். 1,000 கிலோ அறுவடை, கிலோ இறாலுக்கு 2 கிலோ தீவனம் என்றால் 2,000 கிலோ தீவனம். டன்னுக்கு 2 கிலோ என்ற கணக்கில் பொடி 4 கிலோ. ஒரு கிலோ தீவனத்துக்கு 2 கிராம் பொடி. தாய்லாந்து ஆய்வில் பலன் தெரிந்த 50 மில்லிகிராமை இந்த 2 கிராம் கொடுக்க வேண்டும் என்றால், பொடியில் 2.5 சதவீதம் அஸ்டாசாந்தின் இருந்தாக வேண்டும்.

பொடியில் என்ன இருக்கிறது? "இயற்கைக் கரோட்டினாய்டு." அவ்வளவுதான். எது, எத்தனை சதவீதம் என்று முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஹீமட்டோகாக்கஸ் பாசிப்பொடியாக இருந்து அதில் 3 சதவீதம் அஸ்டாசாந்தின் இருந்தால் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரும், கணக்கு நேர். அதுவே ஸ்பைருலினா பொடி என்றால் மொத்தக் கரோட்டினாய்டு பொதுவாக அரை சதவீதத்தைத் தாண்டாது. அரை சதவீதம் என்றே வைத்தாலும் கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான், அதிலும் அஸ்டாசாந்தின் கிடையாது, இறால்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே நோட்டீஸ், ஒரே 2 கிலோ, ஆறு மடங்கு வித்தியாசம்.

இதுவும் தீவனத்தில் ஒட்டி இறால் வாய்க்குள் போனால்தான். பண்ணையில் பொடியைப் பசையோடு பிசைந்து உருண்டை மேல் பூசி, நிழலில் உலர்த்திப் போடுவார்கள். கரோட்டினாய்டுக்கு வெயில், சூடு, காற்று மூன்றுமே ஆகாது. இறால் மீன் மாதிரி லபக்கென்று முழுங்காது, உருண்டையைச் சின்னக் கொடுக்கால் பிடித்து மெல்ல மெல்லக் கொறிக்கும். அதுவரைக்கும் பூச்சு தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கும்.

அப்போ இது யாருக்குத்தான்?

கரோட்டினாய்டே வேஸ்ட் என்று நான் சொல்லவில்லை. உள்ளரங்கில் தெளிந்த நீரில் நெருக்கமாக வளர்ப்பவர்களுக்கு இது நியாயமான செலவாக இருக்கலாம். குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலை வெறும் உருண்டைத் தீவனத்தில் வைத்திருந்தால், முட்டைக்குள் போகிற சாயம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நிஜமானது. ஸ்கேம்பி முட்டை ஆரம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதே அந்தச் சாயத்தால்தான். சமைத்த நிறத்தைப் பார்த்து விலை வைக்கிற மார்க்கெட்டுக்கு டைகர் இறால் வளர்ப்பவர்களுக்கும் கணக்கு வேறு. மாமாவின் ஸ்கேம்பிக்கு வியாபாரி விலை போடுவது சைஸைப் பார்த்து.

மாமாவிடம் சொன்னது

இத்தனையையும் போனில் சொல்ல முடியுமா? இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, பொடியில் எந்தக் கரோட்டினாய்டு, எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்க மாமா. இரண்டு, வாங்குறதுக்கு முன்னாடி குட்டையில் இருந்து பத்து இறாலை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து வேக வையுங்க. கொதிநீர் நீலத்தை எல்லாம் உரித்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கிற சாயத்தைக் காட்டிவிடும். நல்ல ஆரஞ்சுச் சிவப்பு வந்தால் உங்க இறாலுக்குச் சாயம் பஞ்சம் இல்லை. வெளிறி வந்தால் மேற்கொண்டு பேசலாம். நோய் எதிர்ப்பைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது, ஆனால் ஒரு பாத்திரத் தண்ணீர் செலவில் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "தம்பி, செக்கச்செவேல்னு வந்துச்சு. வீட்ல எல்லாரும் சாப்பிட்டாச்சு."

"அப்போ பொடி வேண்டாம்தானே மாமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரு பை எடுத்துக்கிட்டேன் தம்பி. தீவனம் கடன்ல தர்றவன்தான் இதையும் தர்றான். அறுவடைக்கு அப்புறம்தான் காசு கேப்பான். அவன் ஆசையா நீட்டுறப்ப வேணாம்னா, அடுத்த லோடுக்கு முகத்தைத் திருப்பிக்குவான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திட்டவிலக்கம், டி-சோதனை எதிலுமே இந்த ஒரு மாறி இல்லை. புவனேஸ்வரிலும் கோயம்புத்தூரிலும் செய்கிற ஆய்வு மாமாவிடம் நேராகப் போய்ச் சேர்வதில்லை. கடன் கொடுக்கிறவர் கையால், நோட்டீசாகத்தான் போய்ச் சேர்கிறது. ஆய்வாளர்கள் தாளின் சுருக்கத்தில் "தெளிந்த நீர்த் தொட்டியில், குஞ்சுகளில், இத்தனை தொட்டிகளில்" என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், அதை வெட்டி எடுத்து ஒட்டுகிறவருக்குக் கொஞ்சமாவது கஷ்டமாக இருக்கும்.

"சதவீதம் கேட்டீங்களா மாமா?"

"கேட்டேனே. கம்பெனியைக் கேட்டுச் சொல்றேன்னான். இன்னும் சொல்லலை."

பை இன்னும் பிரிக்காமல் மோட்டார் கொட்டகையில் இருக்கிறதாம். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.